அரை கிளட்ச்

இயேசு மரி சூசை

கடத்தூர்,
18.02.2024, ஞாயிறு

அன்பு மச்சான் ஜோசப் ராஜுக்கு,

உன் மாமன் அருள்நாதன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ராஜமேரியும் கொட்டகையில் இருக்கிற பட்டுப்புழுக்களும் நலம். புழுக்கள்தான் எங்களைவிடக் கொஞ்சம் அதிக நலம், எந்நேரமும் தின்கின்றன. புனேயில் உனக்கு வாய்க்கு ருசியாகச் சோறு கிடைக்கிறதா, அந்த கார் சர்வீஸ் ஷெட்டில் வேலை எப்படிப் போகிறது என்று எழுது.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று உன் அக்கா கேட்கிறாள். அவளுக்கு என்ன, வாய் இருக்கிறது. போன ஜூலையில் வாதம் வந்து எழுந்த பிறகு என் நாக்கு இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. போனில் ஒரு வார்த்தை சொன்னால் எதிரே இருப்பவன் "ஆங்? ஆங்?" என்கிறான். இரண்டாம் தரம் சொன்னதும் புரியாமலே "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிடுகிறான். நல்லவேளை, அடி இடது பக்கத்தில் விழுந்தது. எழுதுகிற கை என்னோடுதான் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஆயில் டப்பா ஒன்று கொடுத்தாயே, "உசத்தி ஆயிலு மாமா, டாக்டரு வண்டி எடுக்கலாம்னு சொல்ற அன்னைக்கு இதை ஊத்தி எடுங்க" என்று. ஜனவரி கடைசியில் டாக்டர் சரி சொன்னார். அந்த ஞாயிறே பழைய ஆயிலை வடித்துவிட்டு உன் ஆயிலை ஊற்றினேன். உன் அக்கா ஸ்பிளெண்டருக்குச் சாமந்தி மாலை போட்டாள். பூசை முடிந்து வந்த சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஊரே பார்க்க நான் ஒரு சுற்று சுற்றி வந்தேன். நீ இல்லாததுதான் குறை.

இப்போது ஒரு சேதி. வண்டியை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். பால்காரர் கிருஷ்ணப்பன் ரொம்ப நாளாகக் கேட்கிறார். அமாவாசை கழிந்த வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இருபத்தைந்து வருஷ வண்டி, போதும். உன் அக்காவிடம் மட்டும் மூச்சு விடாதே. தவக்காலம் முடிவதற்குள் என் பின்னால் வண்டியில் உட்கார்ந்து மலைக் குகையில் இருக்கிற மாதா கெபிக்குப் போகவேண்டும் என்று நேர்ந்திருக்கிறாள். நான் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது வைத்த நேர்ச்சையாம். "பஸ்ஸில் போகலாமே" என்று சொல்லிப் பார்த்தேன். "பஸ்ஸுல வர்றேன்னு நான் மாதாகிட்ட சொல்லலீங்க" என்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை. பதில் போடு.

உன் மாமன்,
அருள்நாதன்


புனே,
24.02.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஜோசப் ராஜ் எழுதிக்கொள்வது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். பிழை இருந்தால் அக்காவிடம் காட்டிச் சிரிக்காதீர்கள்.

என்னது, ஸ்பிளெண்டரை விற்கிறீர்களா? நான் பெண் பார்க்கப் போகிற அன்றைக்கு ஒரே ஒரு நாள் கேட்டேன். கொடுத்தீர்களா? "பேனாவும் வண்டியும் ஒரு கைக்குப் பழகினதுடா, கை மாத்தக் கூடாது" என்று சொல்லி என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள். கசங்கின சட்டையோடு போய் நின்றேன். நல்லவேளை பெண்ணுக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் அவள் அந்தச் சட்டையைச் சொல்லிக் காட்டுகிறாள். மெக்கானிக் நவநீதனைக்கூட பக்கத்தில் நின்று ஆக்சிலேட்டரை முறுக்க விடுவீர்களே தவிர, ஏறி ஓட்ட விட்டதில்லை. அப்படிப்பட்ட வண்டி கிருஷ்ணப்பன் கைக்கு மட்டும் எப்படிப் பழகும்?

மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தபோது நீங்கள் பேசின முதல் முழு வாக்கியம் என்ன தெரியுமா? "வண்டிய வெயில்ல வுட்டுட்டீங்களா?" அதைக் கேட்டு அக்கா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லி ஒரு மாதம் ஆவதற்குள் போதும் என்றால் நான் நம்பவேண்டுமா? கீழே விழுந்தீர்களா? யாரையாவது இடித்தீர்களா? யாராவது ஏதாவது சொன்னார்களா?

பைபிள் மேல் சத்தியமாக அக்காவிடம் சொல்ல மாட்டேன். காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள்.

அன்பு மச்சான்,
ஜோசப் ராஜ்


இயேசு மரி சூசை

கடத்தூர்,
01.03.2024, வெள்ளி

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் தோட்டத்திலேயே கொண்டுவந்து கொடுத்தார். சட்டைக் கதையைப் படித்துச் சிரித்தேன். பிறகு அதே இடத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. சத்தியம் செய்திருக்கிறாய். ஆகையால் சொல்கிறேன்.

வண்டி எடுத்த முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. ஊருக்குள், சமதரையில் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு நாள் தோட்டத்தில் மல்பெரித் தழை மூட்டையைக் கட்டிக்கொண்டு குவாரி மேட்டில் ஏறினேன். முறுக்கினால் சத்தம் வருகிறது, வண்டி வரவில்லை. என்ஜின் கத்துகிறது, சக்கரம் எனக்கென்ன என்று மெதுவாக உருள்கிறது. மறுநாளும் அப்படியே. வாரம் போகப் போக அதிகமாயிற்று.

நவநீதனிடம் போனேன். கிளட்ச் கேபிளைப் பார்த்தான், லீவரை ஆட்டிப் பார்த்தான், எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். "ஆயில் எப்பங்ணா மாத்துனீங்க?" என்று கேட்டான். "போன மாசம்தான், என் மச்சான் கொண்டுவந்த உசத்தி ஆயில்" என்றேன். "அப்பன்னா ஆயில் இல்லீங்ணா" என்றான். என்னை ஓட்டச் சொல்லிக் கொஞ்ச தூரம் பின்னாலேயே அவன் வண்டியில் வந்தான். நிறுத்தியதும் தயங்கித் தயங்கிச் சொன்னான். "தப்பா நெனைக்காதீங்ணா. நீங்க அரை கிளட்ச்சைப் புடிச்சிக்கிட்டே ஓட்டறீங்க போல. இடது கையை முழுசா வுட்டுப் பாருங்க."

நான் முழுசாகத்தான் விட்டிருந்தேன், ஜோசப். அதாவது, விட்டுவிட்டேன் என்று என் மனசு சொல்கிறது.

பிசியோதெரபி சொல்லித் தருகிற கோகிலவாணி என்ற பெண் டிசம்பரிலேயே சொல்லியிருந்தாள்: "பிடிப்பு சீக்கிரம் வந்துரும் சார். பிடிச்சதை விடறதுதான் லேட்டாகும்." அன்றைக்கு அது காதில் ஏறவில்லை, இப்போது வேறு எதுவும் காதில் ஏறவில்லை. ஓட்டும்போது விரலைக் குனிந்து பார்த்தேன். விட்டிருப்பது மாதிரிதான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே போய் ஒரு ஆட்டுக்குட்டியை இடிக்கப் பார்த்தேன். லீவர் முழுசாகத் திரும்பியதா, ஒரு நூல் உள்ளே நிற்கிறதா என்பதை ஓடுகிற வண்டியில் எந்தக் கண் பார்க்கும்?

இன்னொன்றும் உண்டு. ஜூலையில் வாதம் வருவதற்கு நாலு நாள் முன்னால் என் இடது கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. "எண்ணெய்ப் பிசுக்கு டம்ளரை ஒழுங்கா விளக்கறதில்லையா?" என்று உன் அக்காவைத் திட்டினேன். மறுநாளும் விழுந்தது. மறுநாளும் டம்ளரைத்தான் திட்டினேன். கை போய்க்கொண்டிருந்தது, நான் டம்ளர் மேல் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தரம் அப்படிச் செய்ய மாட்டேன். வண்டி மேல் பழி போட மாட்டேன். கைதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் விழுந்தால் போகிறது. பின்னால் உன் அக்காவை வைத்துக்கொண்டு மலை வளைவில் ஏறும்போது இந்தக் கை என்னைக் கேட்காமல் என்ன செய்யும்? வண்டி வீட்டில் இருந்தால் அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். அதனால்தான் விற்கிறேன். அவளிடம் "வண்டி பழசாயிடுச்சி" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். நேர்ச்சையைத் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்து நேற்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல் இருந்தால் இருக்கட்டும். முழுசாக இருந்தால் போதும்.

உன் மாமன்,
அருள்நாதன்


புனே,
06.03.2024
ஸ்பீட் போஸ்ட்

மாமா,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். இதைப் படித்து முடிக்கும் வரை கிருஷ்ணப்பனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை மதியம் ஷெட்டில், கியர்பாக்ஸ் இறக்கின ஒரு காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு படித்தேன். டம்ளர் விஷயம் வந்ததும் கண் மறைத்துவிட்டது. கூட வேலை செய்கிற மராட்டிக்காரன் கண்ணில் துரு விழுந்ததா என்று கேட்டு ஊதிவிட வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் மூக்குக்கு மேலே அந்த காரின் கிளட்ச் தட்டு. உலர்ந்து, எண்ணெயே படாமல் இருந்தது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

காரில் கிளட்ச் என்ஜினுக்கு வெளியே, தனி அறையில், வறட்டுக் கிளட்ச். அதன் மேல் எண்ணெய் படவே கூடாது. உங்கள் ஸ்பிளெண்டரில் அப்படியில்லை. கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலுக்குள்ளேயே குளித்துக்கொண்டிருக்கின்றன. ஆக, பைக்குக்கு ஊற்றுகிற ஆயில் என்ஜினை வழுக்க வைக்க வேண்டும், கிளட்ச்சை வழுக்க விடக் கூடாது. இரண்டு வேலை. நான் கொடுத்தது கார் ஆயில். பதினொரு வருஷமாக காருக்கு அடியிலேயே கிடப்பவனுக்கு விலை ஒசந்ததெல்லாம் நல்லது என்று தோன்றிவிட்டது. மாமா எழுந்து வண்டி எடுக்கப் போகிறார் என்ற சந்தோஷத்தில் ஷெட்டிலேயே உசத்தியானதைத் தூக்கி வந்தேன். யோசிக்கவில்லை.

உறுதி செய்துகொள்ள அக்காவுக்குப் போன் போட்டேன். பயப்படாதீர்கள், சத்தியத்தை மீறவில்லை. "நான் குடுத்த ஆயில் டப்பா இருக்குதாக்கா?" என்றேன். "அதுல கற்பூரவல்லி வச்சிருக்கன்டா" என்றாள். மண்ணைத் துடைத்துவிட்டு எழுத்தைப் படிக்கச் சொன்னேன். 0W-20 என்று படித்தாள். "ரவுண்டுக்குள்ள என்னமோ கன்சர்விங்னு போட்டிருக்குது, எதுக்குடா கேக்கற?" என்றாள். ஆபீசில் கணக்குக் கேட்கிறார்கள் என்று ஒரு பொய் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். அந்த வட்டத்துக்கு அர்த்தம், பெட்ரோல் மிச்சமாவதற்காக உராய்வைக் குறைக்கிற மருந்து கலந்திருக்கிறது என்பது. காருக்கு அமிர்தம், உங்கள் கிளட்ச்சுக்கு விளக்கெண்ணெய். போதாதற்குப் பழைய என்ஜினுக்கு அது தண்ணியும்கூட.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். மச்சான் எனக்காகச் சொல்கிறான் என்பீர்கள். அதனால் என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் குவாரி மேட்டுக்குப் போங்கள். ஒரு மூட்டை தழையும் ஏற்றிக்கொள்ளுங்கள். மெதுவாக நாலாவது கியருக்கு வாருங்கள். மேடு ஆரம்பித்ததும் இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொள்ளுங்கள். வலது கையால் ஒரே ஒரு முறுக்கு. கிளட்ச்சைத் தொட யாருமே இல்லாதபோது வண்டி ஒழுங்காக ஏறினால், கைதான் தப்பு. நானே ரயிலேறி வந்து டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். கை தொடை மேல் இருக்கும்போதும் என்ஜின் சும்மா கத்தினால், மாமா, உங்கள் கை ஒரு பாவமும் செய்யவில்லை.

கத்தினால் செய்ய வேண்டியது: என்ஜின் சூடாக இருக்கும்போதே என் ஆயிலைச் சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிடுங்கள். கடையில் 4T என்று போட்ட பைக் ஆயில் கேளுங்கள். பழைய வண்டிக்கு 20W-40 போதும். விலையைப் பார்க்காதீர்கள், டப்பாவின் முதுகைப் பாருங்கள். JASO MA என்று இருந்தால் வாங்குங்கள். MB என்று இருந்தால் வைத்துவிடுங்கள், அது ஸ்கூட்டருக்கு. ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி அதே ஆயில் புதுசாக ஊற்றுங்கள். தட்டில் ஊறினது ஒரே தரத்தில் போகாது.

டாக்டரிடம் ஒரு தரம் காட்டுவதும் நல்லதுதான். ஆனால் முதலில் மேடு.

பதில் வரும் வரை எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் ஜோசப் ராஜ்


இயேசு மரி சூசை

கடத்தூர்,
12.03.2024, செவ்வாய்

என் அருமை மச்சான்,

கத்தியது!

முறையாகச் சொல்கிறேன். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு குவாரிக்கு லீவு, லாரி வராது. பூசை முடிந்து உன் அக்காவை வீட்டில் விட்டுவிட்டுத் தழை மூட்டையோடு போனேன். மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தி ஒரு "அருள் நிறைந்த மரியே" ஜெபம் சொன்னேன். உண்மையைச் சொன்னால், திரும்பி வந்துவிடலாமா என்றும் நினைத்தேன். சந்தேகத்தோடு இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, மச்சான். இன்னும் தீர்ப்பு வரவில்லை என்று இருக்கலாம்.

நாலாவது கியர் போட்டேன். மேடு வந்தது. இடது கையை எடுக்கச் சொன்னாய், எடுக்க வரவில்லை. பயத்தில் அது ஹேண்டில்பாரை விட மாட்டேன் என்றது. பாதி மேடு வீணாகப் போயிற்று. கீழே இறங்கி மறுபடி வந்தேன். இந்தத் தரம் எடுத்து வேட்டியின் மேல் வைத்தேன். ஐந்து விரலும் என் கண்ணுக்கு முன்னால் தொடை மேல் விரிந்து கிடந்தன. வலது கையால் முறுக்கினேன்.

என்ஜின் ஊளையிட்டது. வண்டி வேகம் எடுக்கவில்லை. கிளட்ச் லீவர் பக்கம் ஒரு ஈ கூட இல்லை!

டம்ளர் ஞாபகம் வந்தது. ஒரு தரம் நம்பாதே என்று இன்னும் இரண்டு தரம் ஏறினேன். ஒவ்வொரு தரமும் கத்தியது. அப்புறம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, இடது கையை எடுத்து வலது கையில் வைத்துக்கொண்டு அழுதேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தாள். "என்னாங்க, வண்டி நின்னுபோச்சுங்களா?" என்றாள். "வண்டி கெட்டுப்போச்சும்மா" என்றேன், அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. என் நாக்கு எப்படிச் சொன்னதோ, அவளுக்குப் புரிந்துவிட்டது. "அதுக்கு ஏனுங்க சிரிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனாள். வண்டி கெட்டதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னவன் இந்தத் தருமபுரி ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். முதல் கடையில் கேட்டதும் ஒரு டப்பாவை எடுத்து வைத்தான். திருப்பி முதுகைப் பார்த்தேன், MB. வேண்டாம் என்றேன். "எல்லாம் ஒண்ணுதாங்க, ஆயிலு ஆயிலுதான்" என்றான். நானும் ஒரு மாதம் அப்படித்தான் நினைத்திருந்தேன். வாய் குழறுமே என்று கூச்சப்பட்டு எதைக் கொடுத்தாலும் வாங்கி வருகிறவன், அன்றைக்கு அந்தக் கடையில் நின்று "எம்.ஏ., எம்.ஏ." என்று அவனுக்குப் புரியும் வரை சொன்னேன். அவனிடம் இல்லை. அடுத்த கடையில் இருந்தது. இருபது, நாற்பது, 4T, MA, நீ சொன்ன எல்லாம் இருந்தது. இரண்டு டப்பா வாங்கினேன்.

நவநீதன்தான் வடித்தான். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான். "கார் ஆயிலுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்ணா, நான் உங்க கையைப் போயிச் சொல்லிட்டனே" என்று வருத்தப்பட்டான். மச்சான் செய்த சீரை யார் பிரித்துப் பார்த்துச் சொல்வார்கள்? உசத்தி என்று சொன்னதோடு சரி.

முதல் ஊற்றில் முழுக்கப் போகவில்லை. மேட்டில் இன்னும் கொஞ்சம் வழுக்குகிறது. ஆனால் இப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை. நாளைக்கு இரண்டாம் ஊற்று. கிருஷ்ணப்பன் வீட்டுக்கு நானே போய் வண்டி இல்லை என்று சொல்லிவிட்டேன். "நீங்க குடுக்க மாட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்று சொல்லி மோர் கொடுத்தார்.

நீ சோறு சாப்பிடு.

உன் மாமன்,
அருள்நாதன்


புனே,
17.03.2024

அன்புள்ள மாமாவுக்கு,

"கத்தியது" என்ற முதல் வார்த்தையைப் படித்ததும் நானும் கத்தினேன். வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அவளிடம் முழுக்கதையும் சொல்லிவிட்டேன். சத்தியம் அக்காவுக்கு மட்டும்தானே.

இரண்டாம் ஊற்றுக்குப் பிறகும் வழுக்கினால் கலங்க வேண்டாம். தட்டுகள் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். புதுத் தட்டு மாற்றிவிடலாம், என் செலவு. மறுக்கக் கூடாது, தப்பு செய்தவன் நான். நல்ல காரியம் செய்கிறேன் என்று உங்களை ஒரு மாதம் நடுங்க வைத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை, மாமா.

அடுத்த கிறிஸ்துமஸுக்குச் சட்டைத் துணியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் ஜோசப் ராஜ்


இயேசு மரி சூசை

கடத்தூர்,
23.03.2024, சனி

அன்பு மச்சானுக்கு,

மனசு ஆறட்டும் என்றுதான் உடனே எழுதுகிறேன். தட்டு வேண்டாம். இரண்டாம் ஊற்றுக்குப் பிறகு நாலு நாள் தழை மூட்டையோடு குவாரி மேட்டில் ஏறி இறங்கினேன். முறுக்கினால் போகிறது. கோகிலவாணியிடமும் கையைக் காட்டினேன். தன் விரலைப் பிடித்து, பிறகு விடச் சொன்னாள். பிடித்தேன், விட்டேன், பிடித்தேன், விட்டேன். "நல்லா விடறீங்க சார், நீங்களாத்தான் பயந்துக்கிட்டீங்க" என்றாள். டாக்டரும் பார்த்துவிட்டு, மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடச் சொன்னார்.

நேற்று வெள்ளிக்கிழமை. காலையில் உன் அக்காவிடம், "சிலுவைப் பாதைக்கு மலைக்குப் போறோம், கெளம்பு" என்றேன். "பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்றாள், என்னைப் பார்க்காமலே. நான் வண்டியைத் தள்ளி வாசலில் நிறுத்தினேன். உள்ளே போய்ப் புடவை மாற்றி, மெழுகுவர்த்திக் கட்டும் ஒரு பை பொரியும் எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

சமதரையில் இரண்டு கையாலும் என் தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, வண்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. மூன்றாவது வளைவு தாண்டினதும் தோளில் ஒரு கை இல்லை. என்னவென்று கண்ணாடியில் பார்த்தால், பையைத் திறந்து பொரி தின்றுகொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில், "என்னாங்க, இவ்ளோ ஸ்பீடு எதுக்கு?" என்று ஒரு அதட்டல். வாதம் வந்ததிலிருந்து வீட்டில் என்னிடம் யாரும் அதட்டிப் பேசினதில்லை, ஜோசப். எல்லோரும் "பாத்துங்க, பாத்துங்க" என்றே இருந்தார்கள்.

கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வெளியே கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். டம்ளர், குவாரி மேடு, கிருஷ்ணப்பன், நீ, எல்லாம். கேட்டு முடித்தாள். அப்புறம் என் இடது கையை இழுத்து, முழங்கைக்கு மேலே நறுக்கென்று கிள்ளினாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்ப சரி" என்று பொரியை நீட்டினாள். வீடு வந்து சேரும் வரை, தன்னை ஏமாற்றின இரண்டு ஆம்பிளைகளையும் விட்டேனா பார் என்று திட்டிக்கொண்டே வந்தாள். உன் பங்கு தனியாக இருக்கிறது. ஆயில் டப்பாவை மட்டும் தூக்கிப் போட மாட்டாளாம். கற்பூரவல்லி நன்றாக வேர் பிடித்துவிட்டதாம்.

நாளை குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்ததும் உனக்குப் போன் செய்கிறேன். உன் அக்காவிடம் கொடுக்க மாட்டேன், நானே பேசுவேன். உனக்குப் புரியாவிட்டால் "ஆங்?" என்று கேள், இன்னொரு தரம் சொல்கிறேன். அதற்கும் புரியாவிட்டால் இன்னொரு தரம். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் என் குரல் வந்து சேர்ந்திருக்கும்.

உன் மாமன்,
அருள்நாதன்